என் எட்டு பாரும் ஒரு சித்தூர்க் கல்யாணமும்

எங்கள் பாண்டில் டிரம்பெட் வாசிக்கிறவன் கொழும்புக்குப் போய் வந்தான். பியானோக்காரர் சிங்கப்பூர் போய் ஒரு கைக்கடிகாரத்தோடு திரும்பினார். நான் போன வெளிநாடு சித்தூர். ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது, அதனால் அதுவும் வெளிநாட்டுக் கணக்குதான் என்று சொல்லி என்னைக் கிளப்பிக்கொண்டு போனவன் எங்கள் சாக்ஸபோன்காரன் ஏகாம்பரம். அவனுக்குச் சொந்த ஊர் சித்தூர். தங்கை வசந்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பதிச் சத்திரத்தில் கல்யாணம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எங்கள் பாண்டு. "சாயங்கால ரயில்ல உன்ன ஏத்தி வுட்டுடறேன் சவரி, என் தலமேல சத்தியம்" என்றான். அவன் தலைக்கு என்ன மதிப்பு என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

எனக்குத் திங்கட்கிழமை காலை மெட்ராஸில் இருந்தே ஆக வேண்டும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். பெரம்பூரில் என் அப்பா இருந்த ரயில்வே பாண்டில் கை பழகி, சர்க்கஸில் மூன்று சீசன் சுற்றி, அப்புறம் மவுண்ட் ரோடு ஹோட்டலில் சாயங்கால நடனத்துக்கு ஜாஸ் வாசிக்க வந்தவன். பகலில் சினிமா ரிக்கார்டிங். அங்கே தட்டுகிற, குலுக்குகிற, உரசுகிற எல்லாம் என் தலையில். பாங்கோ, டாம்பரின், கிலுகிலுப்பை, இடி இடிக்கத் தகரம், குதிரை ஓட இரண்டு கொட்டாங்கச்சி. எத்தனையோ பாட்டில் வாசித்திருக்கிறேன். ஒரு பாட்டிலாவது என் சத்தம் தனியாகக் கேட்டதில்லை. எனக்கு மேலே வயலின்காரர்கள் ஒரு கூட்டமாக ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது முதல்தடவையாக ஒரு பாட்டு, ஆரம்பத்தில் டிரம்ஸ் மட்டும் எட்டு பார், அதாவது எட்டுச் சுற்றுத் தாளம். எட்டு பார் என்றால் ஒரு மடக்குக் காப்பி விழுங்குகிற நேரம். ஆனாலும் அந்த ஒரு மடக்கு முழுக்க என்னுடையது. மியூசிக் டைரக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார்: "திங்கக்கிழம ஒம்பது மணிக்கு டேக். நீ இல்லேன்னா தம்புவைக் கூப்பிட்டுக்குவேன்." தம்பு என்கிறவனிடம் இருக்கிற ஒரே சங்கீதம், நேரத்துக்கு வந்துவிடுவான்.

என் மனைவி ரோசலின் தன் பங்குக்குச் சொன்னாள். "ஞாயித்துக்கிழம பூசைய விட்டுட்டுத் திருப்பதிக்குப் போறீங்களா? போங்க. ரெண்டு சாமியும் சேந்து உங்களப் பாத்துக்கட்டும்."

சனிக்கிழமை காலை சித்தூரில் இறங்கினேன். ஏகாம்பரத்தின் அப்பாவுக்கு வெல்ல மண்டி. வீடும் மண்டியும் ஒட்டினாற்போல இருந்ததால் எதைத் தொட்டாலும் பிசுபிசுத்தது. என் ஸ்னேர் டிரம் தோல்மேல் பத்து நிமிஷத்தில் எறும்பு. துடைத்தேன். மறுபடி எறும்பு. அந்த வீட்டில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை, அவர்கள் எறும்போடு சேர்ந்துதான் காப்பி குடித்தார்கள்.

சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் வந்தன. களி தலையணை மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தது. சட்னியை வாயில் வைத்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. பெரம்பூரிலும் மிளகாய் தின்கிறோம், ஆனால் அங்கே மிளகாயோடு வேறு ஏதாவதும் போடுவோம். கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் முனுசாமி எதிரே உட்கார்ந்து என் கண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"துன்னு நைனா, துன்னு. இத்த துன்னாத்தான் கொட்டறதுக்குத் தெம்பு வரும்."

மாமா எல்லைப் போராட்டத்தில் ஒருநாள் போலீஸ் வேனில் ஏறி இறங்கியவர். அதை எல்லாரிடமும் ஒருதரம் சொல்லிவிடுவார். "சித்தூரும் நம்முது, திருப்பதியும் நம்முது. அது வேணுமா இது வேணுமான்னு இன்னா கேள்வி? ரெண்டும் வேணும்" என்றார். திருப்பதி மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுக்கிறீர்களே என்று கேட்டேன். "ஊரு நம்முது. மாப்ள மட்டும்தான் அவங்க ஆளு. பள்ளிக்கூட வாத்தியாரு, தங்கமான பையன்" என்றார். இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை, ஆனால் வாய் எரிந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

மத்தியான ரயிலில் கல்யாணக் கூட்டமே திருப்பதிக்குக் கிளம்பியது. மீட்டர்கேஜ் பெட்டி. வாசலில் என் பேஸ் டிரம் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், படுக்கவைத்துப் பார்த்தோம். கார்டு வந்து, அதைப் பிரேக் வேனில் மாம்பழக் கூடைகளோடு ஏற்றச் சொன்னார். பாகாலா ஜங்ஷன் வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை, இறங்கி ஓடினேன். நினைத்தபடியே மாம்பழக் கூடைகளோடு அதையும் இறக்கிவைத்திருந்தார்கள். அதன்மேல் ஒருவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அவரை எழுப்புவதற்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அந்த நாளில் அந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் தமிழில் பேசிக்கொண்டு பெரிய சாமானோடு யார் நின்றாலும் போலீஸுக்கு ஒரு சந்தேகம். "உள்ளே என்ன, போராட்ட நோட்டீஸா?" என்று தெலுங்கில் கேட்டார். ஒன்றுமில்லை, காற்றுதான் என்றேன். காற்றை எதற்கு மெட்ராஸிலிருந்து கொண்டுவருகிறாய் என்றார். இது வாசிக்கிற சாமான் என்றேன். அப்படியானால் வாசித்துக் காட்டு என்றார். பிளாட்பாரத்தில் பெடலை மாட்டி, காலால் நாலு அடி அடித்தேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ சினிமாப் பாட்டு கேட்டார்கள். பீடிக்காரர், தான் உட்கார்ந்திருந்தபோது இன்னும் நல்ல சத்தம் வந்தது என்றார். ரயில் ஊதியது. டிரம்மை நானும் அந்தப் போலீஸ்காரரும் சேர்ந்தே தூக்கிக்கொண்டு ஓடினோம் என்பதை அவருடைய கௌரவத்துக்காகச் சொல்லவேண்டும்.

ஞாயிறு காலை, திருப்பதிச் சத்திரம். நான் மத்தியான வேலைக்காரன், ஆகவே டிரம்ஸை மேடைக்குப் பக்கத்தில் மாட்டிவைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். பெண் வீட்டுக்கு ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவர் என்று இரண்டு சமையல்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் சாம்பார் வாளியோடு, இன்னொருவர் பப்பு என்கிற பருப்பு வாளியோடு. யாரிடம் முதலில் வாங்கினாலும் மற்றவர் முகம் சுண்டியது. இரண்டையும் வாங்கிச் சாப்பிட்டு எழுந்து வரும்போது முற்றத்தில் ஒரே கூச்சல்.

விஷயம் இதுதான். நம் பக்கம் தாலி கட்டுகிற நேரம்தான் முகூர்த்தம், கெட்டிமேளம் அப்போதுதான். அவர்கள் பக்கம் அப்படியில்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு திரையைப் பிடித்து, ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்கிறார்களே, அதுதான் முகூர்த்தம். மேளம் அதற்குத்தான். தாலி பின்னால், சாவகாசமாக. பெண் வீட்டார் நகரிப் பக்கமிருந்து நாதஸ்வரம், தவில் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளூர்ச் சன்னாயி, டோலு வைத்திருந்தார்கள். இரண்டு கோஷ்டியும் காலையிலிருந்தே ஆளுக்கொரு ராகத்தில் மோதிக்கொண்டிருந்தன.

அவரவர் முகூர்த்தத்துக்கு அவரவர் மேளம் அடித்துக்கொள்ளட்டுமே என்று ஒரு நல்ல மனிதர் சொன்னாராம். இரண்டு பக்கமும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்திருக்கிறது.

"ரெண்டு தபா கெட்டிமேளம் கொட்டுனா ரெண்டு கண்ணாலம்னு அர்த்தம். எங்க பொண்ணுக்கு ஒரே கண்ணாலம்தான்" என்று முனுசாமி மாமா கத்தினார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா உயரமான மனிதர், அங்கவஸ்திரத்தை உதறி உதறிப் பேசுவார். "நாங்களும் அதையேதான் சொல்கிறோம். மேளம் ஒரே தடவைதான். அது சீரக வெல்லத்துக்கு" என்றார் தெலுங்கில். பிறகு எனக்குப் புரியட்டும் என்று தமிழில், "மெட்ராஸும் மாதே, எங்களுதுதான். போனா போவுதுன்னு உட்டோம். இதுவும் உடணுமா?" என்றார். இங்கே மெட்ராஸ் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் எந்தப் பேச்சிலும் அது வந்துவிடும்.

புரோகிதர் கையை விரித்துவிட்டார். அவருக்கு மந்திரம் ஒன்றுதான், மேளம் அவர்கள் பாடு. நேரமோ போய்க்கொண்டிருந்தது. முகூர்த்தம் தவறினால் இன்னொரு நாள் பார்க்க வேண்டும், இன்னொரு நாள் என்றால் இந்தக் கோபத்தில் கல்யாணமே நின்றுபோகும். அறை வாசலில் வசந்தா மணக்கோலத்தில் நின்று அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், அது அழுவதைவிட மோசமாக இருந்தது.

அப்போதுதான் ஏகாம்பரம் அந்தக் காரியத்தைச் செய்தான்.

"மேளம் ஒரே தபாதான? செரி. சீரக வெல்லத்துல ஆரம்பிச்சு, தாலி முடியிற வரைக்கும் நிறுத்தாம ஒரே மேளமா அடிச்சுட்டா?"

கூட்டம் யோசித்தது. யார் மேளம் என்ற கேள்வி அடுத்து வந்தது. தவில் அடித்தால் அவர்களுக்கு ஆகாது, டோலு அடித்தால் இவர்களுக்கு ஆகாது.

"சவரி அடிப்பான். அவன் நம்மாளும் இல்ல, அவங்காளும் இல்ல. வேதக்காரன், மாதா கோயில் ஆளு."

எல்லைத் தகராறைத் தீர்க்க வெளியாளைத் தேடுகிற மாதிரி அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏகாம்பரத்தைத் தனியே இழுத்து, நாளைக்கு எனக்கு எட்டு பார் இருக்கிறதடா பாவி, கை என்னத்துக்கு ஆகும் என்றேன். "அஞ்சு நிமிசம்டா. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சே நிமிசம்தான்" என்றான். அவன் பின்னால் வசந்தா நின்றிருந்தாள். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

திரை பிடித்தார்கள். என் வேலை எப்போதுமே யாராவது ஒருவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஸ்டுடியோவில் டைரக்டர் கை, சர்க்கஸில் ரிங் மாஸ்டர் கை. இங்கே புரோகிதர் கை. அது உயர்ந்தது. சீரக வெல்லம் தலைக்கு ஏறியது. நான் ஸ்னேரில் குச்சி ஓயாத ரோலை ஆரம்பித்துச் சிம்பலில் ஒரு போடு போட்டேன். முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. பெரியப்பா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முனுசாமி மாமாவைப் பார்த்தார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. புரோகிதர் ஏதேதோ சடங்கு செய்துகொண்டிருந்தார். பிறகு தாலியை ஒரு தட்டில் தேங்காய்மேல் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க அனுப்பினார்கள். இதை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் கோயிலில் பாதிரியார் ஒருவர் கைவைத்தால் போதும். இங்கே சத்திரத்தில் இருந்த ஒவ்வொரு ஆளும் தொடவேண்டும். தட்டு முதலில் பெண் வீட்டு வரிசைக்குப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டு வரிசையிலிருந்து முனகல் எழுந்தது. தட்டு அங்கே போயிற்று. இங்கே ஒரு கிழவர் விட்டுப்போய்விட்டார் என்று திரும்பி வந்தது. ஒரு அம்மாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்து அம்மாளிடம் புடவை விலை கேட்டாள். நான் அடித்துக்கொண்டிருந்தேன். தட்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டது. சாம்பார்க்காரரும் பப்புக்காரரும் தொடவேண்டுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. கை முழங்கைவரை எரிந்தது. நிறுத்திவிடலாமென்றால், நிறுத்தினால் அது ஒரு மேளமாகவும், மறுபடி ஆரம்பித்தால் இன்னொரு மேளமாகவும் ஆகிவிடும். சர்க்கஸில் இதே ரோலைத்தான் வாசிப்பேன். ஊஞ்சல்காரன் ஒரு கட்டையை விட்டு அடுத்த கட்டையைப் பிடிக்கிறவரை ஓயக்கூடாது, ஓய்ந்தால் அவன் கவனம் சிதறும். அங்கே ஊஞ்சல்காரன் சீக்கிரம் பிடித்துவிடுவான், அவனுக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். இங்கே தட்டு சமையல்கட்டிலிருந்து வெளியே வருவதாயில்லை.

ஒரே மாதிரி அடித்தால் கை செத்துவிடும் என்று மாற்ற ஆரம்பித்தேன். வலது கை ஓய, இடது கையில் ரயில் சக்கரச் சத்தம். பெரம்பூரில் அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கினேன். அப்புறம் சர்க்கஸ் யானைக்கு வாசிக்கிற நடை. அப்புறம் ஹோட்டல் ரும்பா. பிறகு, ராத்திரி கூட்டம் கலைந்தபின் நாங்கள் எங்களுக்காகவே வாசித்துக்கொள்ளும் வேகமான ஜாஸ். காலில் ஒரு கணக்கு, கையில் வேறு கணக்கு. முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தவில்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். பக்கத்திலிருந்த டோலுக்காரர் தொடையில் தாளம் போட்டார். எப்போதோ நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். யார் கையையும் பார்க்கவில்லை. மேலே வயலின் இல்லை, பாட்டு இல்லை, யாரும் இல்லை. இவ்வளவு நேரம் நான் தனியாக வாசித்ததே கிடையாது. ரொம்ப ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஏகாம்பரம். "டேய், தாலி கட்டி முடிஞ்சுட்சுடா. அட்சதை போட்டுட்டு எல்லாரும் பந்திக்கே போயிட்டாங்க." கண்ணைத் திறந்தேன். எதிரே தவில்காரரும் டோலுக்காரரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மணமேடையில் வசந்தா கழுத்தில் மஞ்சள் கயிறோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அரைமணிக்கு மேல் வாசித்தேன் என்றான் ஏகாம்பரம்.

மத்தியானப் பாண்டு நடக்கவில்லை. என் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. ஏகாம்பரம் ஈரத்துண்டு சுற்றி, சொன்ன சொல் தவறாமல் சாயங்கால ரயிலில் ஏற்றினான். வழியனுப்ப வந்த முனுசாமி மாமா, ஒரு பெரிய வெல்லக் கட்டியை மடியில் வைத்துவிட்டுக் காதோரம் குனிந்தார். "உண்மயச் சொல்லு நைனா. தாலிக்குத்தான பலமா அடிச்ச?" ஆமாம் என்றேன். அவர் நகர்ந்ததும் பெரியப்பா ஜன்னலுக்கு வந்தார். சீரக வெல்லத்துக்குத்தானே சத்தம் அதிகம் என்றார். ஆமாம் என்றேன். தாலி கட்டினதை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த ரயிலை எடுக்கவிட்டிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே ஸ்டுடியோவில் இருந்தேன். டைரக்டர் கை உயர்ந்தது. குச்சியை எடுத்தேன். இரண்டாவது பாரில் அது விரலை விட்டு நழுவி வயலின்காரர் மடியில் விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தது. டைரக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தம்புவைக் கூப்பிடு" என்றார் அமைதியாக. பாட்டில் ஒரு குதிரை வண்டி வருகிறது, அதற்கு ஆள் நான். கொட்டாங்கச்சியைப் பிடிக்க விரல் நுனி போதும். தம்பு என் எட்டு பாரை வாசித்தான். நன்றாகவே வாசித்தான், அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. நான் பின்னால் குதிரையாக டக்டக்கென்று ஓடினேன். மத்தியானம் கேண்டீன் பின்பக்கம் போய் நின்று அழுதேன்.

பாட்டு பிரமாதமாக ஓடியது. டீக்கடை ரேடியோவில் அந்த எட்டு பார் வந்தால் பையன்கள் மேஜையில் தட்டுகிறார்கள். ரோசலின் மட்டும், "குதிரை நல்லா ஓடுதுங்க" என்பாள்.

அப்புறம் எல்லைத் தகராறும் ஒருவழியாய்த் தீர்ந்தது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சித்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கமே நின்றன. மாமாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் ஏமாந்துவிட்டதாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று ஏகாம்பரம் சொன்னான். ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்களாம். அந்த மெட்ராஸ்காரனுக்கு மேளத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

போன வாரம் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தபோது ரோசலின் கேட்டாள். "நெசமாச் சொல்லுங்க. அந்த எட்டு பாரா, திருப்பதியில அடிச்ச அந்த அரைமணியா? ஒண்ணுதான்னா எது வேணும் உங்களுக்கு?"

என்னுடையதும் முனுசாமி மாமாவோடு உட்கார்ந்து சித்தூர்க் களி தின்ற வாய்.

"ரெண்டும் வேணும்" என்றேன்.